ஜாமீன் கையெழுத்து

"மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்?"

பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கும் கேள்விகளிலெல்லாம் முதன்மையானது இதுதான் என்பது நேயர்களுக்குத் தெரிந்த விஷயமே. ஜாதகம் பார்ப்பதும் குலம் கோத்திரம் விசாரிப்பதும் இதற்குப் பிற்பாடு. ஆனால் என் அக்காள் மகளுக்கு வரன் பேசியபோது நான் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அக்காளின் கணவர் காலமாகிப் பத்து வருஷங்கள் ஆகிவிட்டபடியால், தாய்மாமன் என்ற முறையில் பேச்சு வார்த்தை முழுவதும் என் பொறுப்பாக இருந்தது. பையன் நல்லவன், தாய் தகப்பனிடத்தில் பக்தியுள்ளவன் என்று நாலு பேர் சொன்னார்கள். அது போதும் என்று நினைத்தேன். "சம்பளத்தைக் கேட்டா பெண்ணைக் கொடுப்பது? இதென்ன மாட்டுச் சந்தையா?" என்று அக்காளிடம் பெரிய மனிதன் போல் பேசினேன். அப்படிப் பேசியதைக் குறித்து ஒரு வருஷ காலம் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன்.

பிறகு அந்தக் கேள்வியை வேறொருவர் கேட்டார். எனக்கு இருந்த தாட்சணியம் அவருக்கு இல்லை. அவர் வேறு யாருமில்லை, அமெரிக்க சர்க்கார்தான்!

எங்கள் ஊர் திருக்கோஷ்டியூர். திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை செல்லும் சாலையில் இருக்கிறது. சௌமியநாராயணப் பெருமாள் கோயிலும், அதன் அஷ்டாங்க விமானமும், மாசி மகத்துத் தெப்பமும் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை. நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவன். வயது நாற்பத்தாறு. இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், கணக்கிலே நான் எப்படி ஏமாந்தேன் என்பதைச் சொல்லப் போகிறேன் என்பதுதான்.

மாப்பிள்ளை பன்னிரண்டாவது வயதில் தகப்பனாரோடு அமெரிக்கா சென்றவர். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். நியூ ஜெர்சி மாகாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பஸ்ஸை ஓட்டுகிறார். முன்பு ஒரு பெரிய கிடங்கில் முழு நேர உத்தியோகத்தில் இருந்தார். தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்தபோது அந்த வேலையை விட்டுவிட்டு, காலையும் மாலையும் மட்டும் பஸ் ஓட்டி, நடுப்பகலில் தகப்பனாருக்குப் பணிவிடை செய்தார். தகப்பனார் காலமான பிறகும் தாயாரைத் தனியே விட மனமில்லாமல் அதே வேலையில் நீடித்தார். 2024ஆம் வருஷம் தை மாதம் எங்கள் ஊரிலேயே விவாகம் நடந்தது. இருபது நாட்கள் இருந்துவிட்டு அவர் திரும்பிப் போனார். மனைவியை அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருப்பதாகச் சித்திரையில் தகவல் வந்தது. "ஆறு மாதத்தில் போய்விடுவாள்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன்.

அடுத்த சித்திரையும் வந்தது. அவள் போகவில்லை. ஆனால் ஒரு நமுனா வந்து சேர்ந்தது.

* * *

ஐ-864 என்பது அந்த நமுனாவின் பெயர். பெயரைப் பார்த்தால் ஏதோ ரயில் வண்டியின் எண் மாதிரி இருக்கிறதே தவிர, உண்மையில் அது ஒரு ஜாமீன் பத்திரம். "நான் அழைத்து வரும் என் மனைவி இந்நாட்டு அரசாங்கத்தின் தயவில் ஒருகாலும் பிழைக்க மாட்டாள், அவளுக்கு நான் சோறு போடுவேன்" என்று கணவன் எழுதிக் கொடுக்க வேண்டும். கலியாணத்தில் அக்கினி சாட்சியாக ஒரு முறை சொன்னது போதாது. வருமான வரிக் கணக்குச் சாட்சியாக மறு முறை சொல்ல வேண்டும்.

இந்த எண்ணம் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாமல் பொதுப் பணத்துக்குப் பாரமாகக் கூடியவர்களை உள்ளே விடுவதில்லை என்று 1882ஆம் வருஷத்திலேயே அங்கே சட்டம் செய்தார்கள். நெடுங்காலம் வரை ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுப்பது வெறும் வாய்ப்பேச்சுக்குச் சமமாக இருந்தது. மீறினால் கோர்ட்டில் வசூல் செய்ய வழியில்லை. 1996ஆம் வருஷத்துச் சட்டம் அதை மாற்றிவிட்டது. 1997 டிசம்பரிலிருந்து கையெழுத்துப் போட்டவர் உண்மையிலேயே கட்டுப்பட்டவர்.

வருமானம் எவ்வளவு வேண்டும்? வருஷந்தோறும் அந்தச் சர்க்கார் ஒரு வறுமைக் கோட்டை வகுக்கிறது. அதற்கு மேல் கால் பங்கு கூட்டினால் வருவதுதான் ஜாமீன் கொடுப்பவருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச வருமானம். 2025ஆம் வருஷத்துக் கணக்குப்படி இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு வறுமைக் கோடு 21,150 டாலர். கால் பங்கு கூட்டினால் 26,437 டாலர். மூன்று பேர் என்றால் 33,312 டாலர்.

மாப்பிள்ளையின் வருமானம் 24,000 டாலர்.

எங்கள் ஊர்த் திண்ணையில் இந்தத் தொகையைச் சொன்னபோது, "அடேயப்பா! மாதம் ஒன்றே முக்கால் லட்சமா?" என்று வாயைப் பிளந்தார்கள். திருக்கோஷ்டியூரில் அவர் லட்சாதிபதி. அவர் குடியிருக்கும் தெருவில், மனைவிக்குச் சோறு போட வகையற்றவர்! ஒரே மனிதர், ஒரே சம்பளம். ரூபாயில் பெருக்கினால் ஒரு விடை, அந்த ஊர் வீட்டு வாடகையில் வகுத்தால் வேறு விடை. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் நான் பெருக்கலை மட்டும் போட்டுவிட்டு வகுத்தலை மறந்துவிட்டேன்.

அக்காள் மகள் திருப்பத்தூரில் ஒரு மருந்துக் கடையில் கணக்கெழுதி மாதம் பதினாறாயிரம் ரூபாய் சம்பாதிக்கிறாள். "என் சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளக் கூடாதா, மாமா?" என்று கேட்டாள். கூடாது. அமெரிக்கா போன பிறகும் அதே இடத்திலிருந்து வரக்கூடிய வருமானமாக இருந்தால்தான் அது கணக்கில் சேரும். திருப்பத்தூர் மருந்துக் கடை நியூ ஜெர்சிக்குச் சம்பளம் அனுப்பாது.

* * *

இனி நான் சொல்லப் போவது எனக்குக் கௌரவம் தரும் சமாசாரம் அல்ல. இருந்தாலும் அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதுவதில் பயன் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நமுனாவைப் பரப்பி வைத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு டெலிபோனில் பேசினேன். அவருடைய குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அவர் மூன்று என்று எழுதியிருந்தார்: தாம், தம் மனைவி, தம் தாயார். தாயாருக்கு வேறு வருமானம் இல்லை; வரிக் கணக்கிலும் அவரைத் தம்மை அண்டியிருப்பவர் என்றே காட்டியிருந்தார். மூன்று பேர் என்றால் 9,312 டாலர் குறைகிறது. இரண்டு பேர் என்றால் 2,437 டாலர்தான் குறையும். சனிக்கிழமைகளில் வேறு ஏதாவது வேலை பார்த்தால் சரிக்கட்டிவிடலாம். கணக்கு வாத்தியாரின் மூளை உடனே வேலை செய்தது.

"மாப்பிள்ளை, உங்கள் அம்மாவை இந்தக் கணக்கில் எழுதாமல் விட்டால் என்ன? வேறு யாராவது உறவினர் வீட்டில் இருப்பதாகக் காட்டக் கூடாதா?" என்றேன்.

சற்று நேரம் மறுமுனையில் சத்தம் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"மாமா, வரிக் கணக்கில் அம்மா பேர் இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மா என் வீட்டில்தான் சாப்பிடுகிறார். சாப்பிடவில்லை என்று எப்படி எழுதுவது?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்கும் மாணவனைப் போலச் சாதாரணமாகச் சொன்னார். அதனாலேயே எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. வகுப்பில் விடைத்தாளைப் பார்த்து எழுதும் பையனை நான் பெஞ்சின் மேல் ஏற்றியிருக்கிறேன். அன்று என்னை ஏற்றுவதற்கு அங்கே யாரும் இல்லை. தாய் தகப்பனிடத்தில் பக்தியுள்ளவன் என்பதற்காக ஒருவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்தியையே கணக்கிலிருந்து தள்ளிவிடச் சொன்னேன் அல்லவா?

* * *

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கோபம் அமெரிக்காவின் மேல் திரும்பியது. ஏழை என்றால் மனைவியோடு வாழக் கூடாதா? இது என்ன நியாயம்? இப்படிக் கேட்கும் தேசம் அது ஒன்றுதானா என்று விசாரிக்கத் தொடங்கினேன். விசாரிக்க விசாரிக்க, கோபத்தைப் பல தேசங்களுக்குப் பங்கு போட வேண்டியதாயிற்று.

பிரிட்டனில் 2012 ஜூலையில், வெளிநாட்டு மனைவியை அழைப்பவருக்கு ஆண்டு வருமானம் 18,600 பவுன் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக உயர்த்தினார்கள். சேமிப்பை மட்டுமே காட்டுவதென்றால் 88,500 பவுனை ஆறு மாதம் கையில் வைத்திருக்க வேண்டும். அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2017இல் இந்த விதியை விசாரித்தது. வருமான வரம்பு வைப்பது சட்ட விரோதம் அல்ல என்றும், ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் தீர்ப்புச் சொன்னது.

சிங்கப்பூரில் உயர்தர வேலைச் சீட்டு உள்ளவர்கூட மனைவியை அழைத்துக்கொள்ள மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் காட்ட வேண்டும். சாதாரண வேலை அனுமதியில் கட்டிடங்களிலும் கப்பல் துறையிலும் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கோ அந்தப் பேச்சே இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அப்படிப் போனவர்கள் ஏராளம். அவர்களுடைய மனைவிமார் மாலை ஏழு மணிக்குக் கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதன் எதிரில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார்கள். தகப்பன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நம் செட்டிநாட்டுக்கு இந்தப் பிரிவு புதிதுமல்ல. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் லேவாதேவிக் கடைகளுக்குப் போன நகரத்தார் வீட்டு ஆண்கள் மூன்று வருஷக் கணக்குக்குப் போய்விட்டுத் திரும்புவார்கள். மனைவிமார் இங்கேயே இருந்தார்கள். தேக்குத் தூண்களும் பளிங்குத் தரையும் உள்ள அந்த மாளிகைகளைப் பார்க்க இன்று வெளிநாட்டார் காரைக்குடிக்கு வருகிறார்கள். அந்தத் தூண்களில் சாய்ந்துகொண்டு நாள் எண்ணியவர்களைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இலங்கையின் கதை இன்னும் கசப்பானது. சுதந்திரம் பெற்ற மறு வருஷம், 1949இல், அங்கே குடியிருந்த இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் பிரஜாவுரிமை பெறுவதற்கு ஒரு சட்டம் செய்தார்கள். விவாகமானவர் என்றால் ஏழு வருஷம் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். நிச்சயமான வருமானம் இருக்க வேண்டும். மனைவியும் சிறு குழந்தைகளும் அங்கேயே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி பிரசவத்துக்காக மனைவியை ராமநாதபுரத்துக்கு அனுப்பி வைத்திருந்தால், அதுவே ஒரு கேள்விக்குறி ஆகிவிடும். ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு.

இவற்றையெல்லாம் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. சர்க்கார் கேட்பது தவறான கேள்வி அல்ல. அக்காள் என்னைக் கேட்கச் சொன்னதும் அதே கேள்விதானே? பெண் பட்டினி கிடக்கக் கூடாது என்ற கவலை இரண்டு பேருக்கும் பொது. சர்க்காருக்குத் தன் பொக்கிஷத்தின் மேலும் கவலை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒரு குடும்பத்தை எத்தனை கைகள் தாங்குகின்றன என்பதைச் சம்பளச் சீட்டு சொல்லாது. அதைச் சொல்வதற்கு அந்த நமுனாவில் ஏதாவது இடம் இருக்கிறதா? இதுதான் கேள்வி. இரண்டு இடங்கள் இருந்தன.

* * *

முதலாவது, சொத்து. வருமானம் குறைந்தால் குறைகிற தொகையைப் போல் மூன்று மடங்கு மதிப்புள்ள சொத்தைக் காட்டலாம். குடியுரிமை பெற்றவர் தம் மனைவியை அழைக்கும்போது மூன்று மடங்கு, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்து மடங்கு. ஒரு வருஷத்துக்குள் பணமாக்கக் கூடிய சொத்தாக இருக்க வேண்டும். அழைக்கப்படும் மனைவியின் சொந்தச் சொத்தும் செல்லும். அது இந்தியாவில் இருந்தாலும் பாதகம் இல்லை. 9,312ஐ மூன்றால் பெருக்கினால் 27,936 டாலர். ஏறத்தாழ 24 லட்சம் ரூபாய்.

இதை நான் வாய்விட்டுப் படித்தது பிசகாகப் போயிற்று. அக்காள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"தம்பி, இந்த வீடும் பின்னாலுள்ள மனையும் அவ்வளவு பெறுமா?"

"பெறலாம். ஏன்?"

"நாளைக்கே ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போவோம். அவள் பேருக்கு எழுதிவிடுகிறேன்."

அக்காளுக்கு அந்த வீட்டைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது. காட்டிய சொத்தை உடனே விற்க வேண்டும் என்பதில்லை. ஆனாலும் பெண் பேருக்கு எழுதிவிட்ட பிறகு அந்த வீட்டின் மேல் அக்காளுக்கு என்ன பிடி? நாளைக்குக் கஷ்டம் வந்து அதை விற்க நேர்ந்தால் அவள் எங்கே போவாள்? "என் வீட்டில் உனக்கு இடமில்லையா?" என்று நான் சொல்லலாம். சொல்லவும் சொன்னேன். அக்காளோ, "தம்பி வீட்டில் இருப்பது வேறு, தன் வீட்டில் இருப்பது வேறு. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்" என்றாள்.

அக்காள் மகள் ஒரே பிடிவாதமாக மறுத்துவிட்டாள். "அம்மாவின் கூரையைப் பிரித்துக்கொண்டு போய் எனக்குக் குடை பிடிக்க வேண்டாம், மாமா. நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டாள். அன்று முழுவதும் வீட்டில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை.

* * *

இரண்டாவது இடம், கூட்டு ஜாமீன். அமெரிக்காவில் குடியிருக்கும் குடிமகனோ நிரந்தர வாசியோ, பதினெட்டு வயது நிரம்பிய வேறொருவர், தம் வருமானத்தைக் காட்டி மாப்பிள்ளையோடு சேர்ந்து பொறுப்பேற்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பிரிட்டனில் பிறர் கொடுக்கும் உறுதிமொழியைச் சாதாரணமாக ஏற்பதில்லை; அமெரிக்கா ஏற்கிறது. என் கோபத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

ஆனால் யாரைக் கேட்பது? அந்தப் பொறுப்பு எத்தனை காலத்துக்கு என்று பார்த்தபோது எனக்கே தலை சுற்றியது. வந்தவள் அந்நாட்டுக் குடியுரிமை பெறும் வரையிலோ, வேலை செய்து நாற்பது காலாண்டுகள், அதாவது சுமார் பத்து வருஷம், கணக்கில் ஏறும் வரையிலோ ஜாமீன் விடாது. அவள் இறந்தாலோ அந்நாட்டை விட்டே போய்விட்டாலோதான் விடும். கணவனும் மனைவியும் விவாகரத்துச் செய்துகொண்டாலும் விடாது!

ஜாமீன் என்ற சொல்லைக் கேட்டால் என் வயிற்றில் புளியைக் கரைக்கும். அதற்குக் காரணம் உண்டு. என் தகப்பனாரும் பள்ளி ஆசிரியர்தான். 1993ஆம் வருஷம், நான் எட்டாவது படித்தபோது, அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினார். தகப்பனார் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கடன் வாங்கியவர் வேலையை விட்டுவிட்டுக் கண்காணாமல் போய்விட்டார். நாலு வருஷம் என் தகப்பனாரின் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. தகப்பனார் அந்த மனிதரைத் திட்டி நான் கேட்டதில்லை. "கையெழுத்து என்னுடையதுதானே" என்பார். ஆனால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தக் காலத்திலும் யாருக்கும் ஜாமீன் போட மாட்டேன் என்று சொல்லு" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இருபது வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ சகாக்கள் நமுனாவோடு வந்தார்கள். ஒருவருக்கும் நான் போட்டதில்லை. யாருக்கும் கையெழுத்துப் போடாதவன், மற்றவரிடம் எந்த முகத்தோடு கேட்பேன்?

கேட்டவர் மாப்பிள்ளைதான். அவருடைய பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்துக்குத் தலைவியாக ஓர் அமெரிக்க அம்மாள் இருக்கிறார். கணவனை இழந்தவர், அறுபது வயது. அந்த அம்மாளின் வருமானம் அவருக்கும் என் அக்காள் மகளுக்கும் சேர்ந்து இரண்டு பேர் கணக்குக்குத் தாராளமாகப் போதும். "யோசித்துச் சொல்கிறேன்" என்றாராம்.

வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. "விவாகரத்து ஆனாலும் ஜாமீன் விடாது என்பதையெல்லாம் அந்த அம்மாளிடம் விவரிக்க வேண்டாம். நமுனாவில்தான் அச்சடித்திருக்கிறதே. படித்தால் படிக்கட்டும்" என்று உறவினர் ஒருவர் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்பு என்றால் நானும் தலையை ஆட்டியிருப்பேன். இப்போது, "அம்மா என் வீட்டில்தான் சாப்பிடுகிறார்" என்ற குரல் காதிலேயே இருந்தது.

அன்று மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது கோயிலுக்குள் போனேன். இந்தக் கோயிலின் கதையை நேயர்கள் அறிவார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ராமானுஜர் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் உபதேசம் பெற நடந்து வந்தார். பதினேழு முறை திருப்பி அனுப்பப்பட்டு, பதினெட்டாவது முறைதான் பெற்றார். வெளியே சொன்னால் நரகம் என்பது நிபந்தனை. அவர் கோயிலின் மேல் ஏறி நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். எல்லோரும் கரையேறுவதென்றால் தாம் ஒருவர் நரகத்துக்குப் போவதற்குச் சம்மதம் என்றார். சிறு வயது முதல் இந்தக் கதையைக் கேட்டவன் நான். அது ஒரு ஜாமீன் கதை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. முகம் தெரியாதவர்களுக்காக அவர் பொறுப்பேற்றார். நிபந்தனை இன்னதென்று முழுக்கத் தெரிந்தே ஏற்றார். தெரியாமல் ஏற்றிருந்தால் அதில் என்ன பெருமை?

வீட்டுக்கு வந்து அந்த அம்மாளுக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பொறுப்பு எத்தனை வருஷம், எதனால் முடியும், எதனால் முடியாது என்று ஒன்று விடாமல் எழுதினேன். "தாங்கள் ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு செய்யுங்கள், மறுத்தால் எங்களுக்கு வருத்தம் இருக்குமே தவிர மனஸ்தாபம் இராது" என்று முடித்தேன். அக்காள் அதைப் படித்துச் சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அனுப்பு" என்றாள்.

பதினோரு நாள் பதில் இல்லை.

பன்னிரண்டாம் நாள் வந்தது. தாம் முன்பே வக்கீலைக் கேட்டுவிட்டதாக அந்த அம்மாள் எழுதியிருந்தார். பனி கொட்டும் காலையில் குழந்தைகள் ஏறும் படியை அந்தப் பையன் தன் கையால் துடைத்து வைப்பதை ஆறு வருஷமாகப் பார்த்து வருவதாகவும், நடுப்பகலில் தாயாரிடம் ஓடுவதற்காகத் தன் சாப்பாட்டைப் பஸ்ஸிலேயே முடித்துக்கொள்கிறான் என்பதும் தமக்குத் தெரியும் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "அந்தப் பெண் என்னென்ன சமைப்பாள்?"

* * *

2025ஆம் வருஷம் ஐப்பசியில் மும்பையிலுள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் விசாரணை நடந்தது. நான்தான் துணைக்குப் போனேன். வெளியே நடைபாதையில் மூன்று மணி நேரம் நின்றேன். என்னைச் சுற்றிலும் கையில் கோப்புகளோடு எத்தனையோ தகப்பன்மார். பாஷை தெரியாவிட்டாலும் ஒருவர் முகத்தை ஒருவர் படிக்க முடிந்தது. அவள் வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டே அழுதாள். அதிலிருந்து விஷயத்தைத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊரில் மாசி மகத்தன்று தெப்பக்குளத்தைச் சுற்றி விளக்கேற்றுவார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைத்துப் பூஜித்து, எண்ணம் நிறைவேறிய பின் மறு மாசியில் கொண்டு வந்து ஏற்றுவது வழக்கம். 2025இல் அக்காள் எடுத்து வந்த விளக்கை 2026 மாசியில் திருப்பிக் கொண்டு போய் ஏற்றினாள். வீடு அவள் பேரிலேயே இருக்கிறது. அன்றிரவு கைபேசியில் மகள் பேசினாள். மாமியாரும், சமையற்கூடத்து அம்மாளும் அருகில் இருந்தார்கள். மூவருமாகச் சேர்ந்து பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கருகிவிட்டது என்று சொல்லி ஒரே சிரிப்பு.

நாற்பது காலாண்டுகளில் இன்னும் ஒன்றுகூட முடியவில்லை. அவள் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். "அந்த அம்மாள் தலையிலிருந்து என் பேரைச் சீக்கிரம் இறக்க வேண்டும், மாமா" என்கிறாள். அந்தக் கவலை அவளுக்கு இருக்கிறவரை எனக்குக் கவலை இல்லை.

சென்ற வாரம் எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். தங்கையின் பிரசவச் செலவுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன், இரண்டு ஜாமீன் வேண்டும், ஒன்று கிடைத்துவிட்டது. "சார் போட மாட்டீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாமே என்று வந்தேன்" என்றார்.

நமுனாவை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். கடன் தொகை, தவணை, தவறினால் என் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது எல்லாம் தெளிவாகவே இருந்தது. மேலுலகத்திலிருக்கும் அம்மாவிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பேனாவை எடுத்தேன். கையெழுத்துக் கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. முதல் தடவை அல்லவா?